தூரத்து உறவில் ஒரு செம்பனை

(தெலுக் இந்தானில் சிறுதோட்டக்காரர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரிலிருந்து உத்தான் மெலிந்தாங் போனாலும், லங்காப் போனாலும், பாகான் டத்தோ போனாலும் சாலையின் இரு பக்கமும் செம்பனைதான். குலை வெட்டுவது, உதிரிப் பழம் பொறுக்குவது, மட்டை அடுக்குவது எல்லாம் இந்த அவையில் பலருக்குக் கைப்பழக்கம். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த மரத்தின் தூரைத் தின்கிற ஒரு காளானைப் பற்றியும், நோய் தாங்கும் மரங்களைத் தேடி நம் நாட்டு விஞ்ஞானிகள் கடல் கடந்து காடுகளுக்கு ஏன் போனார்கள் என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன்.

நோய் பிடித்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். விரியாத குருத்துகள் மூன்று நான்கு சேர்ந்து நிற்கும். கீழ்மட்டைகள் மடங்கித் தண்டோடு ஒட்டித் தொங்கும். தூரில் பழுப்பு நிறத்தில், வெள்ளை ஓரத்தோடு, பளபளவென்று காளான் முளைத்திருக்கும். கனோடெர்மா போனினென்ஸ் என்பது அதன் பெயர். அது கொண்டுவரும் நோயை அடித்தண்டு அழுகல் என்கிறோம். கொடுமை என்னவென்றால், இந்த அறிகுறிகள் கண்ணில் படும்போது தண்டின் உள்ளே பாதிக்கு மேல் அழுகியிருக்கும். அதற்குப் பிறகு தூரைச் சுற்றி மண் அணைப்பதும் மருந்து ஏற்றுவதும் அந்த மரத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்க உதவும். அவ்வளவுதான். மரம் பிழைக்காது.

மலாயாவில் இந்த நோயை 1931ஆம் ஆண்டில் தாம்சன் என்ற தாவர நோயியல் அறிஞர் எழுதிவைத்தார். வெகுகாலம் இதை வயதான மரங்களின் நோய் என்றே எண்ணினார்கள். வெட்டி மறுநடவு செய்யும் வயதில் வருகிற நோயைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? பிறகு பத்துப் பதினைந்து வயது மரங்களில் வந்தது. மறுநடவுத் தோட்டங்களில் அதைவிட இளைய மரங்களிலும் வந்தது. 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 59,000 ஹெக்டேர் நிலத்தில் இந்த நோய் இருந்தது.

கீழ்ப் பேராக் மக்களுக்கு இதில் தனிப்பட்ட பங்கு உண்டு. நம்முடையது கரையோரக் களிமண். பாகான் டத்தோ வட்டாரம் ஒரு காலத்தில் தென்னைக்குப் பேர் போனது. கொப்பரை விலை சரிந்தபோது தென்னையை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் கிழட்டுத் தென்னைகளின் நிழலிலேயே செம்பனைக் கன்றை வைத்து, பிறகு தென்னையைச் சாய்த்தார்கள். வெட்டிய தென்னையின் தூர் மண்ணுக்குள் அப்படியே கிடந்தது. இந்தக் காளான் செத்த தென்னந்தூரில் ஆண்டுக்கணக்காகக் குடியிருக்கும். பக்கத்தில் செம்பனை வேர் வந்து தொட்டால் அதில் ஏறிக்கொள்ளும். தென்னைக்குப் பின் செம்பனை வைத்த நிலங்களில் நோய் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வந்ததை ஆய்வாளர்கள் பல தோட்டங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் முன்னோர்களின் ஊரிலும் இந்தக் காளான் குடும்பத்தைத் தெரியும். தமிழ்நாட்டில் 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத் தென்னந்தோப்புகளில் மரங்கள் வாடிச் செத்தன. தஞ்சாவூர் வாடல் நோய் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அதற்கும் காரணம் கனோடெர்மா இனத்துக் காளான்தான்.

நோய்க்குப் பாதிக் காரணம் மண். மறுபாதி மரத்தின் வம்சத்தில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

1848ஆம் ஆண்டில் ஜாவாவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு செம்பனைக் கன்றுகள் வந்தன. தாயகம் ஆப்பிரிக்கா. இரண்டு ஆம்ஸ்டர்டாம் வழியாகவும், இரண்டு இந்தியப் பெருங்கடல் தீவுகள் வழியாகவும் வந்து சேர்ந்தன. அந்த நாலு மரத்தின் விதைகள் சுமத்ராவின் டெலி பகுதிக்குப் போய், அங்கே பெருகி, டெலி டூரா என்ற பெயர் பெற்றன. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அதன் வேரும் டெலியில்தான் போய் முடிகிறது. இன்று மலேசியாவில் ஐம்பது இலட்சம் ஹெக்டேருக்கும் அதிகமாகச் செம்பனை நிற்கிறது. அதன் தாய்வழியைப் பிடித்துப் பின்னால் போனால் பெரும்பகுதி அந்த நான்கு கன்றுகளிடம் போய்ச் சேரும்.

தந்தைவழி இன்னும் ஒடுங்கியது. கொட்டையின் ஓடு தடித்த மரத்தை டூரா என்கிறோம். ஓடே இல்லாத மரம் பிசிஃபெரா. அதில் பெண் பாளை பெரும்பாலும் காய் பிடிக்காது. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனேரா பிறக்கும். ஓடு குறைந்த இடத்தில் சதை கூடும். எண்ணெய் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகம் கிடைக்கும். இது ஒரே மரபணுவின் வேலை என்று காங்கோவின் யங்காம்பி நிலையத்தில் பணியாற்றிய பெய்ர்னார்ட், வாண்டர்வேயன் இருவரும் 1941இல் விளக்கினார்கள். அதன் பிறகு தோட்டங்கள் எல்லாம் தெனேராவுக்கு மாறின. அதற்குத் தந்தையாக நம் நாட்டில் மிக அதிகமாகப் பயன்பட்டது அவ்ரோஸ் வழி. அந்த வழி முழுவதும் சுமத்ராவில் நின்ற எஸ்.பி. 540 என்ற ஒற்றை மரத்திலிருந்து இறங்கியது.

தாய்ப்பக்கம் நாலு மரம், தகப்பன்பக்கம் ஒரு மரம். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் செய்த குடும்பத்தில் ஒருவருக்கு வந்த நோய் எல்லோருக்கும் வருவதுபோல, ஒரு மரத்தைச் சாய்க்கக் கற்றுக்கொண்ட காளான் அடுத்த மரத்தையும் சாய்க்கும். இந்தோனேசியாவில் நீண்டகாலம் நடந்த வயல் சோதனைகளும் இதையே காட்டின. டெலி வம்சம் கனோடெர்மாவுக்கு எளிதில் இரையாகிறது. ஆப்பிரிக்க மண்ணிலிருந்து பின்னால் வந்த வம்சங்கள் சற்றுத் தாங்குகின்றன.

குடும்பம் ஒடுங்கிவிட்டால் தூரத்து உறவைத் தேட வேண்டும். செம்பனைக்கு ஒரு தூரத்து உறவு உண்டு.

மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவின் வட பகுதியிலும் ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் வளரும் எலைஸ் ஓலிஃபெரா, அதாவது அமெரிக்கச் செம்பனை. நம்முடையது எலைஸ் கினீன்சிஸ், ஆப்பிரிக்கச் செம்பனை. நடுவில் ஒரு பெருங்கடல். நெடுங்காலம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் 16 ஜோடி குரோமோசோம்கள். ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பாளையில் தூவினால் காய் பிடிக்கிறது, கன்று முளைக்கிறது. இந்தக் கலப்பின் கருவளத்தையும் குரோமோசோம் நடத்தையையும் மலேசியாவில் ஆராய்ந்து ஹார்டன், டான் இருவரும் 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அமெரிக்கச் செம்பனையைத் தனியாகப் பார்த்தால் எந்தத் தோட்ட நிர்வாகியும் அதை வைக்க மாட்டார். குலையில் எண்ணெய் மிகக் குறைவு. தண்டு நிமிர்ந்து நிற்காமல் தரையில் சாய்ந்து ஊர்ந்து வளரும். ஆனால் அந்தக் குறைகளுக்குள்ளேயே நமக்கு வேண்டியவை ஒளிந்திருக்கின்றன. தண்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். நம் மரம் அரை மீட்டர் உயரும். நீண்ட கழியில் அரிவாள் கட்டி, கழுத்து வலிக்க அண்ணாந்து குலை வெட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டாம். எண்ணெயில் ஒலியிக் அமிலம் கூடுதல், கெட்டியாகும் கொழுப்பு குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காட்டு மரம் தன் மண்ணில் உள்ள நோய்களோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது.

அது என்ன நோய் என்று கொலம்பியாக்காரர்களைக் கேட்க வேண்டும். அங்கே குருத்தழுகல் என்ற நோய் செம்பனையைத் தாக்குகிறது. பசிபிக் கரையோரத்தில் துமாகோ என்ற ஊரைச் சுற்றி 2006இலிருந்து சில ஆண்டுகளுக்குள் 30,000 ஹெக்டேருக்கும் மேலான செம்பனை அழிந்தது. நம் கீழ்ப் பேராக்கில் ஒரு மாவட்டத்துச் செம்பனை முழுதும் சில ஆண்டுகளில் மொட்டைத் தண்டாக நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஆலைகள் நின்றன, கூலி நின்றது, சிறு விவசாயிகள் கடனில் விழுந்தார்கள். செனிபால்மா என்ற அவர்களுடைய செம்பனை ஆராய்ச்சி மையம், ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா என்ற நுண்ணுயிர்தான் காரணம் என்று கண்டறிந்தது. அதன் பிறகு துமாகோவில் மறுநடவு செய்தபோது எதை நட்டார்கள் தெரியுமா? இருஇனக் கலப்பை. பிரேசில் அமேசானில் கோவாரி என்ற இடத்து அமெரிக்கச் செம்பனையும், ஐவரி கோஸ்ட்டின் லா மே வம்சத்து ஆப்பிரிக்கச் செம்பனையும் சேர்ந்து பிறந்த கலப்பினம் அவற்றுள் ஒன்று. பழைய மரங்கள் செத்த அதே மண்ணில் அவை நின்றன, காய்த்தன.

கதையை இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு நேராகப் போகவில்லை. கலப்பின மரத்தின் மகரந்தம் பெரும்பகுதி மலடு. பாளையை மூடியிருக்கும் உறை தடித்து, விலகாமல் நிற்கும். மகரந்தம் சுமக்கும் வண்டுகளும் அதை அவ்வளவாக நாடுவதில்லை. ஆகவே ஆட்கள் பாளைக்குப் பாளை போய்க் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருக்கிறது. பின்னாளில் கொலம்பியாவில் மகரந்தத்துக்குப் பதிலாக ஒரு வளர்ச்சி ஊக்கியைத் தூவி, விதையில்லாத காய் பிடிக்க வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் ஆள் வேண்டும்.

கையால் மகரந்தம் தூவுவது நமக்குப் புதிதல்ல. 1981க்கு முன்னால் நம் தோட்டங்களில் அதுதானே நடந்தது? ஆப்பிரிக்க மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதற்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றை நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காத இடங்களில் காலைப் பெயர்ப்பதிவான பிரட்டு முடிந்ததும் மகரந்தப் பொடியோடு கிளம்பிய தொழிலாளர் கூட்டங்கள் உண்டு. பெண்களும் அதில் பலர். இந்த அவையில் இருக்கும் மூத்த அம்மாக்கள் சிலர் அந்த வேலையைச் செய்திருக்கலாம். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆராய்ந்து, இலைடோபியஸ் கேமருனிக்கஸ் என்ற சின்னஞ்சிறு வண்டை மலேசியாவுக்குக் கொண்டுவர வழி செய்தார். 1981இல் ஜொகூரில் அதை விட்டார்கள். அதோடு கைவேலை நின்றது, காய் பிடிப்பு உயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நான்கு கன்றுகளை மட்டும் பிடுங்கி வந்ததால் எவற்றையெல்லாம் விட்டுவந்தோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி நோய் எதிர்ப்பை ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று சொல்ல வேண்டும். அதற்குச் செம்பனையை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிலக்கடலைக்குப் போகிறேன். காரணம், அங்கே வேலை முடிந்து பலனும் கைக்கு வந்துவிட்டது.

நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலைக்கு 40 குரோமோசோம்கள். தென்னமெரிக்காவில் அதன் காட்டு உறவுகள் பெரும்பாலானவற்றுக்கு 20தான். இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடிக்கு 30. அது ஜோடி சேராமல் மலடாகப் போய்விடும். கொல்சிசின் என்ற மருந்தால் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி 60 ஆக்கினால் செடி கருவளம் பெறும். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்துத் தேர்ந்து, பழையபடி 40க்கு இறக்க வேண்டும். இந்தச் சுற்றுவழியில்தான் 1960களில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பொலிவியாவில் சேகரித்த அராக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டுக் கடலையின் மரபை நிலக்கடலைக்குள் ஏற்றினார்கள். அந்த வழித்தோன்றல்கள் ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தன. இலையெல்லாம் துரு படிந்து உதிரும் துரு நோயையும், பின்பருவ இலைப்புள்ளி நோயையும் அவை தாங்கின. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் அவற்றில் ஒன்றைத் தாய்தந்தையரில் ஒருவராக வைத்து ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்தை உருவாக்கியது.

தமிழர்களுக்கு இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் குடியாத்தம் பகுதிக் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம், தென்னிந்தியா முழுவதும் பரவியது. விவசாயிகளுக்கு அது பிடித்த ரகம். ஆனால் துரு நோய்க்கு எளிதில் பலியாகும். ஜி.பி.பி.டி. 4இன் எதிர்ப்புத் துண்டை மட்டும் மரபணுக் குறியீடுகளைப் பிடித்துத் தொடர்ந்து, திரும்பத் திரும்ப அதே ரகத்தோடு கலக்கும் மீள்கலப்பால் டி.எம்.வி. 2க்குள் ஏற்றியிருக்கிறார்கள். பழைய கடலை அப்படியே இருக்கிறது, பொலிவியக் காட்டின் ஒரு சிறு துண்டு மட்டும் உள்ளே வந்திருக்கிறது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஒரே காட்டுச் செடியின் மரபு 30 நாடுகளின் கடலை ரகங்களில் ஓடுகிறது என்று காட்டியது. விதை நாடு விட்டு நாடு தடையின்றிப் போன காலத்தில் நடந்ததால்தான் இவ்வளவு பேருக்குப் பலன் கிடைத்தது.

கோயம்புத்தூரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கரும்பு ஆய்வாளர்களான பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 1912இல் அங்கே கரும்பையும் காட்டு நாணல் இனத்தையும் கலந்து கோ 205 என்ற கரும்பை உண்டாக்கினார்கள். கரும்பு எண்ணெய் வித்து இல்லைதான். ஆனாலும் காட்டு இனத்தைப் பயிரோடு கலக்கும் வேலையில் தமிழ் மண்ணுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம் உண்டு என்பதை இங்கிருக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடலையில் முடிந்தது செம்பனையில் ஏன் இன்னும் முடியவில்லை? முதல் காரணம் காலம். கடலை நூறு நாள் பயிர். செம்பனையில் இன்று ஒரு பாளையில் கலப்பு செய்தால், குலை பழுக்க ஐந்தாறு மாதம். விதையின் உறக்கத்தைக் கலைக்க ஏறத்தாழ 40 டிகிரி வெப்பத்தில் அறுபது எழுபது நாள் வைக்க வேண்டும். நாற்று வளர ஓராண்டு. வயலில் நட்டு முதல் குலை வெட்ட இரண்டரை ஆண்டு. குலையை ஆண்டுக்கணக்கில் எடைபோட்டு, எண்ணெய் பிரித்து, நல்ல மரம் எது என்று முடிவு செய்து, அடுத்த கலப்புக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் பத்தாண்டு ஓடிவிடும். முதல் கலப்பில் அமெரிக்க இரத்தம் பாதி. அதை மறுபடி ஆப்பிரிக்க மரத்தோடு கலந்தால் கால்பங்கு. இன்னொரு முறை கலந்தால் அரைக்கால் பங்கு. எண்ணெயை மீட்க ஒவ்வொரு முறை திரும்பும்போதும் எதிர்ப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவும். மூன்று சுற்று முடிவதற்குள் ஒரு விஞ்ஞானி வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிடுவார்.

இரண்டாம் காரணம், எதிர்ப்பு அமைந்திருக்கும் விதம். கடலையில் துரு எதிர்ப்பின் பெரும்பங்கு ஒரு குரோமோசோம் துண்டில் இருந்தது. அதைப் பிடித்தால் போதும். கனோடெர்மாவைத் தாங்கும் தன்மையோ பல மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் இன்றுவரை எந்த விதை விற்பவரும் முழு எதிர்ப்புள்ள மரம் என்று நேர்மையாகச் சொல்ல முடியாது. கொலம்பியக் குருத்தழுகலுக்குக் கலப்பினம் கொடுத்த பதிலை நம் அடித்தண்டு அழுகலுக்கு அப்படியே எடுத்து நடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே பாதித் தாங்குதிறன் உள்ள மரங்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்துத்தான் மேலே ஏற வேண்டும். ஆப்பிரிக்க வம்சங்களில் கிடைப்பதையும், அமெரிக்க உறவில் கிடைப்பதையும் ஒரே மரத்தில் கூட்ட வேண்டும்.

அந்த வேலை எங்கே நடக்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். நம் வாசலில் நடக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ரப்பருக்காகத் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டத்தில், இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. இருஇனக் கலப்பினங்களை மீள்கலப்பு செய்து தேர்ந்தெடுக்கும் வேலை அங்கே நெடுங்காலம் நடந்து, முடிவுகள் அச்சிலும் வந்திருக்கின்றன. எம்.பி.ஓ.பி. என்று நாம் சொல்லும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு, சதுப்புக் கரிமண் நிலத்துச் செம்பனையை ஆராய்வதற்குத் தெலுக் இந்தானிலேயே ஒரு நிலையம் உண்டு. அதே வாரியத்தின் குளுவாங் நிலையத்தில்தான் உலகின் மிகப் பெரிய செம்பனை மரபுத் தொகுப்பு நிற்கிறது. முனைவர் ராஜநாயுடுவும் அவர் குழுவினரும் 1973இல் நைஜீரியாவில் தொடங்கி, 1980களின் முற்பகுதியில் ஹொண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா, பனாமா, கொலம்பியா, சுரினாம் என்று அலைந்து சேகரித்த விதைகள் அங்கே மரங்களாக நிற்கின்றன. நான்கு கன்றுகளில் விட்டுவந்ததை மீட்க எடுத்த பெருமுயற்சி அது. அந்தத் தொகுப்புக்கு நிலமும் பணமும் ஆளும் ஒதுக்குவது வீண் செலவு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. லாபம் தராத மரங்கள்தான். ஆனால் நாளைக்குத் துமாகோ இங்கே வந்தால் நாம் கைநீட்ட வேறு இடமில்லை. அந்தக் கொலம்பிய நோயைத் தரும் ஃபைட்டோஃப்தோரா இனம் நம் நாட்டில் டுரியான் மரத்திலும் கொக்கோவிலும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டுத் தென்னையில் குருத்தழுகலைக் கொண்டுவருவதும் அதுதான். செம்பனையில் அது இங்கே இன்னும் பேரழிவாக வரவில்லை என்பதால் தூங்கலாம் என்று அர்த்தமில்லை.

2013இல் வாரியத்து விஞ்ஞானிகள் ஆப்பிரிக்க, அமெரிக்கச் செம்பனைகள் இரண்டின் மரபணுத் தொகுதியையும் வாசித்து ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோர் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்கள். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு பெண் விஞ்ஞானி இவ்வளவு பெரிய காரியத்தின் முன்னணியில் நின்றார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவையும் அதே ஆண்டில் கண்டுபிடித்தார்கள். இனி ஐந்து ஆண்டு காத்திருந்து காயை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. நாற்றின் இலையில் ஒரு சிறு துண்டு போதும்.

ஆய்வகம் எவ்வளவு முன்னேறினாலும் கலப்பு நடப்பது மனிதக் கையில்தான். விதைத்தோட்டத்தில் பெண் பாளை வெடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஏணி வைத்து ஏறி, உறையை நீக்கி, பூச்சிமருந்து அடித்து, பாளை முழுவதையும் துணிப்பையால் மூடிக் கட்டுவார்கள். பையின் கழுத்தில் மருந்து தடவிய பஞ்சு சுற்றியிருக்கும். ஒரு வண்டுகூட நுழையக் கூடாது. பையில் பதித்த பிளாஸ்டிக் சாளரம் வழியாகப் பூ பக்குவமாகிவிட்டதா என்று நாள்தோறும் பார்த்து, ஆன அன்று டால்க் மாவில் கலந்த மகரந்தத்தை ஒரு சிறு துளை வழியாக ஊதி, துளையை அடைத்து, எண்ணைக் குறித்துத் தொங்கவிடுவார்கள். கட்டு நெகிழ்ந்தால், எண் மாறினால், தவறு வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தப்பான மரம் நிற்கும். இப்படிப்பட்ட வேலையை இந்த வட்டாரத்தில் நம் மக்கள் செய்திருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கருத்து. குறைந்தது, இந்த ஊர்த் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் அப்படி உழைத்த தாத்தா பாட்டிகளை அழைத்து, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வைக்கலாம்.

நோய்ச் சோதனையிலும் நம் பழைய வாழ்க்கை ஒட்டியிருக்கிறது. ஒரு கலப்பினம் கனோடெர்மாவைத் தாங்குமா என்று பார்க்க, பால்மரக் கட்டையைச் சிறு சதுரங்களாக அறுத்து, அதில் காளானை வளர்த்து, நாற்றின் வேரோடு ஒட்டவைப்பார்கள். சில மாதம் கழித்து எத்தனை நாற்று செத்தது, எத்தனை நின்றது என்று எண்ணுவார்கள். பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையைக் காக்கும் சோதனைக்கு மறுபடி பால்மரம்தான் வேண்டியிருக்கிறது.

நாற்றுச் சோதனையோடு நிறுத்தக் கூடாது. நாற்றுப்பையில் நின்ற கன்று வயலில் பதினைந்து ஆண்டு நிற்குமா என்பதற்கு, நோய் முற்றிய மண்ணில் நட்டுத்தான் விடை காண முடியும். சுமத்ராவில் சொக்ஃபின்டோ போன்ற நிறுவனங்கள் அப்படி நட்டுப் பார்த்த பிறகே மிதமான தாங்குதிறன் உள்ள விதைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. நம் கரையோர மண்ணிலும், தென்னை நின்ற நிலங்களிலும் அத்தகைய நீண்டகால வயல்கள் அதிகமாக வேண்டும். விளைச்சல் கணக்கை முதலில் பார்த்து, நோய் தாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் மாற வேண்டும். நோய் மண்ணில் செத்துப்போகும் மரத்தின் விளைச்சல் எத்தனை டன் என்று ஏட்டில் இருந்து என்ன பயன்?

இனி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கிறவர்களுக்குச் சில செய்திகள்.

மறுநடவு செய்யும்போது பழைய மரத்தைச் சாய்ப்பதோடு விடாதீர்கள். தூரையும் வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்து, சிறு துண்டுகளாக்கி உலர விடுங்கள். பழைய மரம் நிற்கும்போதே நடுவில் கன்று வைப்பது, பணம் மிச்சம் என்று தோன்றினாலும், காளானுக்கு விருந்து வைப்பதாகும். காளான் முளைத்த மரங்கள் எவை என்று சாய்ப்பதற்கு முன்பே குறித்து வையுங்கள். அந்த இடங்களில் அதிகம் தோண்ட வேண்டியிருக்கும். கன்று வாங்குவதானால் வாரியத்தின் உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் மட்டும் வாங்குங்கள். என்ன கலப்பு, தாய் எது, தந்தை எது, கனோடெர்மாச் சோதனை எங்கே செய்தது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். வெளிநாடு போகும் பிள்ளைகளிடம் விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். தென்னமெரிக்காவின் ரப்பர் இலைக்கருகல் நோய் இந்த நாட்டுக்குள் வராமல் இருப்பது கடுமையான தடைக்காப்பால்தான். ஒரு சட்டைப்பையில் வரும் விதை அதையெல்லாம் உடைத்துவிடும்.

என் பேச்சு இவ்வளவுதான். இப்போது உங்கள் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோம். எந்த ஆண்டு நட்ட மரத்தில் முதலில் காளான் கண்டீர்கள், அந்த நிலத்தில் முன்பு தென்னையா, பால்மரமா, விதை எங்கே வாங்கியது என்பதை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன். முதலில் பாகான் டத்தோவிலிருந்து வந்திருப்பவர்கள் பேசட்டும்.